டாக்டரம்மாவின் டர்போ கார்

சென்ற மாதம் என் அக்கா மகன் தான் புதிதாக வாங்கிய காரில் என்னை ஹட்டனில் இருந்து நுவரெலியாவுக்குக் கூட்டிப் போனான். நாற்பது வயதுக்காரன், வங்கியில் வேலை. நானுஓயா ஏற்றம் முழுவதும் அழுத்தி ஓட்டி வந்தவன், கடை வாசலில் நிறுத்திய கையோடு என்ஜினை அணைத்துவிட்டான்.

"டேய், ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு நிப்பாட்டுடா" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

அவன் சிரித்தான். "மாமா, டர்போன்னு பின்னால எழுதியிருக்கிறதப் பாத்துட்டு சொல்றீங்களா? இப்பல்லாம் அதுவே பாத்துக்கும். ஒங்க காலத்துல இங்க ஏது டர்போ?"

இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு சாதாரண ஜப்பான் காரில் இருந்தது. அதைப் பூட்டியவர்களில் நானும் ஒருவன். ஆறு வருடம் அதைப் பராமரித்தவன். அந்தக் கதையில் பாதியை அவனிடம் வண்டியிலேயே சொன்னேன். மறுபாதியை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் சவரிமுத்து. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலர் பக்கம் வேலை செய்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. லிந்துலைப் பக்கத்தில் ஏழெட்டுத் தோட்டங்களுக்குப் பொதுவாக ஒரு வேர்க்ஷொப் இருந்தது. லொறி, டிராக்டர், ஜீப், தொழிற்சாலை மோட்டார் எல்லாம் அங்கேதான் வரும். எழுபதுகளின் நடுவில், தோட்டங்களை அரசாங்கம் எடுத்த சமயத்தில், மண்ணெண்ணெயில் என்ஜின் சாமான் கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். ஐந்து வருடத்தில் என்ஜின் பிரித்துப் பூட்டும் அளவுக்கு வந்துவிட்டேன். அதற்குக் காரணம் ரணவீர ஐயா.

ரணவீர ஐயாதான் வேர்க்ஷொப்புக்குப் பொறுப்பான என்ஜினியர். மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர். எங்களோடு பழகியே தமிழ் பேசவும் வாசிக்கவும் கற்றவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வேலை தொடங்கும்போது மேசையில் துவைத்த வெள்ளைத் துணியை விரிப்பார். கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றிய வரிசையிலேயே அதில் அடுக்க வேண்டும். நாம் ஏதாவது சொன்னால் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்பார்: "ஏன்?" பதில் சொன்னால் அந்தப் பதிலுக்கும் ஒரு "ஏன்?" மூன்றாவதில் எங்களுக்குப் பதில் தீர்ந்துவிடும். அப்போது அவரே குனிந்து பார்க்கத் தொடங்குவார்.

டாக்டர் ரோசலின் தோட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தது, வெளிநாட்டுச் சாமான்கள் நாட்டுக்குள் தாராளமாக வரத் தொடங்கிய காலத்தில். கொழும்புக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். ஆஸ்பத்திரிக்கு ஒரு அம்புலன்ஸ் வேன் உண்டு. அது மாதத்தில் பாதி நாள் எங்கள் வேர்க்ஷொப்பில்தான் கிடக்கும். அதனால் டாக்டரம்மாவின் சொந்தக் காரே நோயாளி வண்டியாகவும் ஓடியது. ஓட்டுபவர் ஆஸ்பத்திரி டிரைவர் ஞானம் அண்ணன்.

சின்னக் கார் அது. உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்துவிடும். கொழும்பில் துள்ளி ஓடும் என்ஜின், நுவரெலியா உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிடும். நாலு பேர் உட்கார்ந்தால் நானுஓயா ஏற்றத்தில் இரண்டாம் கியரை விட்டு மாறாது. டாக்டரம்மா இதைத் தன் தம்பிக்கு எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் மோட்டார் வேலை பார்த்த அந்தத் தம்பி ஒரு பெட்டி அனுப்பினார். பெட்டிக்குள் டர்போ இருந்தது.

புகைக் குழாய் வழியாக வீணாகப் போகும் சூட்டுக் காற்றைக் கொண்டு ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரத்தால் என்ஜினுக்குள் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. மலையில் மெலிந்து போன காற்றுக்கு அது மாற்று. டாக்டரம்மா அதைக் கேட்டது வேகத்துக்காக அல்ல.

ரணவீர ஐயா பெட்டியை உடனே தொடவில்லை. அதோடு வந்த கையேட்டை மூன்று நாள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தார். நாலாம் நாள் துணியை விரித்தார்.

வேலை பன்னிரண்டு நாள் எடுத்தது. சிலிண்டர் தலைக்கு அடியில் தடித்த செப்புத் தகடு ஒன்றை வெட்டி வைத்தோம், திணிக்கும் காற்றுக்கு உள்ளே கொஞ்சம் இடம் வேண்டும் என்பதற்காக. டர்போவின் அச்சு எண்ணெயில்தான் மிதக்கும். அதற்கு எண்ணெய் போக ஒரு குழாய், திரும்பி வர ஒரு குழாய். திரும்பி வரும் குழாய்க்காக எண்ணெய்த் தொட்டியில் துளை போட்டுப் பித்தளையால் ஒட்டினோம். தொட்டியில் தண்ணீர் ஊற்றி ஒரு பகல் முழுக்கத் தொங்கவிட்டு, கசிகிறதா என்று ஐயா விரலால் தடவிப் பார்த்தார்.

கடைசியாக அழுத்தம். காற்று அளவுக்கு மேல் போனால் அதை வெளியே திருப்பிவிட ஒரு கதவு உண்டு. அந்தக் கதவைப் பிடித்திருக்கும் கம்பியின் நீளத்தைக் குறைத்தால் அழுத்தம் கூடும். டாஷ்போர்டில் பூட்ட வேண்டிய அழுத்த மானி பெட்டியிலேயே உடைந்து வந்திருந்தது. வேர்க்ஷொப் மானியைத் தற்காலிகமாகப் பொருத்தி, ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்து, ஐந்து இறாத்தல் அழுத்தத்தில் வைத்தார். கம்பியின் நட்டை இறுக்கி, அதன் மேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்தார்.

"கையேட்டுல எட்டு வரைக்கும் போகலாம்னு இருக்குங்களே ஐயா" என்றேன்.

"ஏன் போகணும்?"

"இன்னும் நல்லா இழுக்கும்ங்க."

"ஏன் இழுக்கணும்?"

எனக்கு மூன்றாவது "ஏன்" வரை போகத் தெம்பில்லை.

அந்தக் காரோடு வாழ்வதற்கு ஞானம் அண்ணன் பழகிக்கொண்டார். குளிர் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். சூடாகும் வரை அழுத்தக் கூடாது. வளைவில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் உடனே பாயாது. ஒரு மூச்சு விட்டுத்தான் தள்ளும். அதனால் வளைவு முடிவதற்கு முன்பே மிதிக்க வேண்டும். ஏற்றம் ஏறி நின்றால் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் நிற்கிற எண்ணெய் அச்சைச் சுற்றிக் கரியாகப் பிடித்துவிடும். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மா உள்ளே ஓடியிருப்பார். ஞானம் அண்ணன் வண்டிக்குள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். "பூசை முடியாம எந்திரிக்கக் கூடாதுல்ல" என்பார்.

பிரேக் மட்டும் பழைய பிரேக்தான். இறக்கத்தில் அவர் டர்போவை மறந்துவிட்டு பழைய டிரைவராகவே ஓட்டினார். ஒன்றரை வருடத்தில் அந்த வண்டி எத்தனையோ பேரை நுவரெலியாவில் சேர்த்தது. மூன்றாம் கியரில் நானுஓயா ஏறியது.

நான் செய்தது அதற்குப் பிறகு.

ஒரு நாள் எண்ணெய் மாற்ற வந்தபோது டாக்டரம்மா சும்மா சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு சவரி. அந்தக் கடைசி ஏத்தத்துல இன்னும் கொஞ்சம் இழுத்தா சொர்க்கம்."

ரணவீர ஐயாவிடம் சொன்னேன். "ஐந்து போதும்" என்றார். அவ்வளவுதான்.

எனக்குப் போதவில்லை. டாக்டரம்மாவுக்காக என்று அன்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் ஐயாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று காட்ட ஆசை. அடுத்த சனிக்கிழமை மதியம் ஐயா வீட்டுக்குப் போன பின், பிரேக் பார்க்கிறேன் என்று வண்டியை வாங்கி, நட்டைத் தளர்த்தி, கம்பியை நாலு புரி குறுக்கினேன். வேர்க்ஷொப் மானியைப் பொருத்தி ஓட்டினேன், எட்டரை காட்டியது. வண்டி பறந்தது. உடைந்த பெயிண்ட் பொட்டைச் சுரண்டிவிட்டு, டிராக்டருக்கு அடிக்கும் மஞ்சளில் புதுப் பொட்டு வைத்தேன்.

திங்கட்கிழமை டாக்டரம்மா டெலிபோனில் கேட்டார்: "சவரி, காருக்கு என்ன செஞ்ச? குதிர மாதிரி போகுது!"

"சும்மா டியூனிங்தான்மா."

அந்தச் சந்தோஷம் மூன்று வாரம் இருந்தது.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை, பதினோரு மணி இருக்கும். கார் வேர்க்ஷொப் வாசலில் வந்து நின்றது. பின் சீட்டில் ஒரு பெண் படுத்திருந்தாள். அவள் கால்களைத் தன் மடியில் உயர்த்தி வைத்தபடி டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். சேலை முழுக்க இரத்தம்.

"வேன் ரெடியா?" என்று கத்தினார்.

வேனின் கியர் பெட்டி வெள்ளைத் துணியில் கிடந்தது. இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"அப்ப நீ ஏறு. வழியில கார் ஏதாச்சும் செஞ்சா ஒரு ஆள் வேணும்."

ஞானம் அண்ணனுக்குப் பக்கத்தில் ஏறினேன். அந்தப் பெண் பெயர் காமாட்சி. தோட்டத்தின் மேல் டிவிஷனில் கொழுந்து எடுப்பவள். விடிகாலையில் லயத்து வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. நஞ்சுக்கொடி முழுதாக விழவில்லை. இரத்தம் நிற்கவில்லை. குழந்தை லயத்தில் அவள் தங்கையிடம் இருந்தது. டாக்டரம்மா அவள் அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தார். பேச்சு வேறு கொடுத்துக்கொண்டே வந்தார்.

"காமாட்சி, புள்ளைக்கு என்ன பேரு வைக்கப் போற?"

"தெரியலம்மா... அவரு வரட்டும்..."

லிந்துலை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் எனக்குக் கேட்டது. தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்குவது போல ஒரு சத்தம். மெல்லியதுதான். சிலிண்டருக்குள் பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கும் சத்தம் அது.

"அண்ணே, என்ன பெட்ரோல் இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சூப்பர் ரெண்டு நாளா பெட்ரோல் ஷெட்டுல இல்லப்பா. சாதாதான் அடிச்சேன். டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் அடிச்சேன். ஏன், சத்தம் வருதே, அதுவா?"

அந்த இடத்தில் வண்டியை நிறுத்தியிருக்கலாம். இரண்டு ஸ்பேனர் என் பையில் இருந்தன. பொனட்டைத் திறந்து கம்பியைப் பழைய நீளத்துக்கு விட ஐந்து நிமிடம் போதும். கொஞ்சம் மெதுவாகத்தான், ஆனால் போய்ச் சேர்ந்திருப்போம். அல்லது "கால எடுங்கண்ணே, மூணாம் கியர்ல போகாதீங்க" என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் நிறுத்தினால் டாக்டரம்மா என்ன செய்கிறாய் என்று கேட்பார். அந்தக் கேள்வியைத்தான் யோசித்தேன். பின் சீட்டில் கிடந்தவளை யோசிக்கவில்லை.

"ஒன்னுமில்லண்ணே. ஓட்டுங்க" என்றேன்.

நானுஓயாவுக்கு இரண்டு மூன்று மைல் இருக்கும்போது சத்தம் நின்றது. பிறகு ஒரு பெரிய அடி. பின்னால் நீலப் புகை. வண்டி இழுவையை விட்டு, மழையில் பாதை ஓரமாக நின்றுவிட்டது.

"சவரி?" என்றார் டாக்டரம்மா.

"பிஸ்டன் போயிருச்சும்மா."

அவர் என்னைப் பின்னால் வரச் சொன்னார். காமாட்சியின் வயிற்றை அழுத்தும் இடத்தை என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். "இப்படியே. விடாத" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடுப்பாதையில் நின்றார். நான் கேரேஜ் வேலைக்காரன். என் கைக்கு அடியில் ஒரு உயிர் அப்படி இருந்தது அன்று மட்டும்தான். காமாட்சியின் உதடு வெளுத்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"வந்துட்டமாண்ணே?"

"வந்துட்டோம்மா" என்று பொய் சொன்னேன்.

இருபது நிமிடம் கழித்துத்தான் தலவாக்கலையில் இருந்து நுவரெலியா போகும் பஸ் வந்தது. நிறைய ஆட்கள். டாக்டரம்மா சிங்களத்தில் நாலு வார்த்தைதான் சொன்னார். டிரைவர் எட்டிக் காரைப் பார்த்தார். திரும்பி, "ஒக்கொம பஹின்ன!" என்றார். எல்லோரும் இறங்குங்கள் என்று அர்த்தம். இறங்கினார்கள். சந்தைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், கைக்குழந்தையோடு இரண்டு பெண்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை. காரின் பின் சீட்டு மெத்தையைக் கழற்றி, அதிலேயே காமாட்சியைத் தூக்கிப் போனோம். பஸ் எங்கேயும் நிற்காமல் போனது. இறங்கியவர்கள் மழையில் நடந்தார்கள். நானும் ஞானம் அண்ணனும் காரோடு நின்றோம்.

காமாட்சி பிழைத்தாள். மூன்று போத்தல் இரத்தம் ஏற்றினார்கள். "இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா அவ இல்ல" என்று டாக்டரம்மா பிறகு சொன்னார்.

காரை லொறியில் கட்டி இழுத்து வந்தோம். மறுநாள் ரணவீர ஐயா துணியை விரித்தார். நான் கழற்ற, அவர் அடுக்கினார். மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டன் ஓரம், எலி கடித்த ரொட்டி போல உருகிப் போயிருந்தது. அதை விரலில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு டர்போ பக்கம் போனார். கம்பியின் நட்டு அருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார். அலுமாரியில் இருந்து தன் சின்னப் பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து, நட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டும் மஞ்சள்தான். ஆனால் ஒரே மஞ்சள் அல்ல.

மூடியை மூடினார். அன்று முழுக்க அவர் ஒரு "ஏன்" கூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை தோட்ட நிர்வாகத்தின் பெரிய ஆபீசில் இருந்து கடிதம் வந்தது. டிரைவர் கண்மூடித்தனமாக ஓட்டியதால் என்ஜின் போயிற்று என்று பேச்சு அடிபடுகிறது, வேர்க்ஷொப் அறிக்கை வேண்டும், அதுவரை டிரைவர் வேலைக்கு வரக்கூடாது என்று இருந்தது. ஞானம் அண்ணனுக்கு நாலு பிள்ளைகள்.

ஐயா அறிக்கைத் தாளை என் முன் வைத்தார். "என்ஜினைத் திறந்தது நீ. நீயே எழுது."

அவர் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்து எழுதினேன். பெட்ரோல் பற்றி எழுதினேன். பிஸ்டன் பற்றி எழுதினேன். கடைசியில், "அழுத்தக் கம்பி நாலு புரி குறுக்கப்பட்டிருந்தது" என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் வாசித்தார். அந்த வரியில் பேனாவை வைத்தார்.

"குறுக்கப்பட்டிருந்தது. நல்ல தமிழ். யாரு?"

தாளைத் திருப்பி வாங்கினேன். அந்த வார்த்தையை அடித்துவிட்டு 'குறுக்கினேன்' என்று எழுதினேன். அதற்குக் கீழே, பெயிண்ட் வைத்ததையும், வழியில் சத்தம் கேட்டும் சொல்லாமல் இருந்ததையும் எழுதினேன். யாரும் அதைக் கேட்கவில்லை. ஆனால் ஞானம் அண்ணன் என்னிடம் கேட்டிருந்தார். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஐயா கையெழுத்துப் போட்டார். பிறகுதான் பேசினார். "ஐந்துன்னு நான் வச்சது நல்ல பெட்ரோலுக்கு இல்ல சவரி. கெட்ட பெட்ரோலுக்கு. இந்த ஊர்ல எந்த நாள் என்ன கெடைக்கும்னு தெரியாது. அத நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"நீங்க ஏன்னு கேட்டீங்க ஐயா. எனக்குப் பதில் தெரியல."

"தெரியலன்னு சொல்லியிருக்கலாம்" என்றார்.

ஞானம் அண்ணன் திங்கட்கிழமையே வேலைக்குத் திரும்பினார். என்னை நாலு மாதம் வண்டிகளைத் தொடவிடாமல் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். அப்பா நின்ற அதே ரோலர் பக்கம் கிரீஸ் வைத்தேன். வழியில் ஒருமுறை ஞானம் அண்ணனைப் பார்த்து நின்றேன்.

"ஒன்னக் கேட்டேனேடா, சத்தம் வருதுன்னு" என்றார். மறுபடி அவர் என்னோடு தேநீர் குடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

அந்த நாலு மாதம் முடியும்போது கொழும்பில் இருந்து பிஸ்டன் வந்ததும், டர்போவைக் கழற்றிவிட்டுப் பழையபடி பூட்டச் சொல்லி ஆபீஸ் எழுதியது. டாக்டரம்மா வேர்க்ஷொப்புக்கே வந்தார். "ஒன்றரை வருஷம் ஏறின கார் இது. கெட்டது கம்பியா? இல்ல, கை. எனக்கு டர்போ வேணும். சவரிதான் பூட்டணும். திருப்பி எந்த இடத்துல கை வைக்கக் கூடாதுன்னு அவனுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றார். ரணவீர ஐயா ஏன் என்று கேட்காமல் சரி என்றார்.

பூட்டினேன். ஐந்து இறாத்தல். நட்டில் பொட்டை வைத்தது ஐயா.

ஒரு வேலை மிச்சம் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து, பஸ்ஸில் போய், மேல் டிவிஷன் லயத்துக்கு நடந்து ஏறினேன். காமாட்சி வாசலில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெண் குழந்தை. அவள் புருஷன் முருகையா பலகையை எடுத்துப் போட்டான். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி, பெயிண்ட், சத்தம், நிறுத்தாமல் விட்டது, வந்துட்டோம் என்று சொன்ன பொய். முருகையாவின் முகம் இறுகியது. உள்ளே போய்விட்டான்.

காமாட்சி குழந்தையைத் திருப்பிப் போட்டு முதுகில் எண்ணெய் தடவினாள். நான் சொன்னதில் எவ்வளவு அவளுக்குப் புரிந்தது என்று தெரியவில்லை. நிறையப் புரிந்தது என்றே இப்போது நினைக்கிறேன். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"இப்ப கார் நல்லா இருக்காண்ணே?"

"நல்லா இருக்கும்மா."

"ஏத்தத்துல ஏறுமா?"

"ஏறும். கொஞ்சம் மெதுவா. நிக்காது."

"அப்ப சரி" என்றாள். "ஏந் தங்கச்சிக்கு ஐப்பசிதான் பெறுற மாசம். மொதப் புள்ள. டாக்டரம்மாகிட்ட இப்பவே சொல்லி வச்சிருங்க."